கடல்நீரைக் குடிநீராக்கினால் தண்ணீர்ப் பஞ்சம் தீருமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நாட்டில், கோடை வந்தால் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறோம். கிருஷ்ணா நீருக்கும் காவிரி நீருக்கும் பக்கத்து மாநிலங்களின் முகத்தைப் பார்க்கிறோம். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களை வரிசையாகக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை ஒரேயடியாக ஒழியாதா, இதைத் தடுப்பது தொழில்நுட்பமா, பணமா, அரசின் மெத்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நீர் உடம்புக்கு ஆகுமா, அதற்கு மேல் வீட்டிலும் ஆர்.ஓ. இயந்திரம் வேண்டுமா என்ற கேள்விகளும் கூடவே இருக்கின்றன. நான் வேதிப் பொறியியல் படித்தவன். சென்னைக் கடற்கரையில் இத்தகைய நிலையங்களில் சவ்வுப் பகுதியைக் கவனிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். இயந்திரம், வேதியியல், மின்செலவு இவற்றைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். கடல் உயிரினங்களைப் பற்றிச் சொல்வதை மட்டும், துறைக்கு வெளியே நின்று பார்த்த ஒருவனின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமான பதில் இது: கடலோரத்தில் இருக்கும் ஒரு பெருநகரத்துக்கு, குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும், மழை பொய்த்த ஆண்டிலும் குறையாமல் தண்ணீர் தர இந்தத் தொழில்நுட்பத்தால் நிச்சயம் முடியும். வயலுக்கு முடியாது. கடலிலிருந்து தொலைவிலும் உயரத்திலும் உள்ள ஊர்களுக்கும் பெரும்பாலும் முடியாது. ஏன் என்பதுதான் விளக்க வேண்டிய விஷயம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. நடுவில் நுண்ணிய சவ்வு ஒன்றை வைத்து ஒரு பக்கம் கடல்நீரையும் மறுபக்கம் நல்ல நீரையும் விட்டால், நல்ல நீர் தானாகவே உப்புநீரின் பக்கம் போகும். அதைத் திருப்ப வேண்டுமானால் உப்புநீரின் மேல் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 27 மடங்கு அழுத்தம் கொடுத்தாக வேண்டும். அது வெறும் சமநிலைதான். அதற்கு மேல் தள்ளினால்தான் ஒரு சொட்டாவது மறுபக்கம் வரும். நல்ல நீர் பிரிந்து போகப்போக மிஞ்சும் நீரில் உப்பு செறிந்துகொண்டே போவதால் தேவைப்படும் அழுத்தமும் ஏறிக்கொண்டே போகும். நடைமுறையில் 55 முதல் 70 பார் அழுத்தத்தில் பம்புகள் ஓடுகின்றன; ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு மடங்கு வளிமண்டல அழுத்தம். இதைத்தான் எதிர் சவ்வூடுபரவல், சுருக்கமாக ஆர்.ஓ., என்கிறோம். நடைமுறைக்கு உதவும் முதல் சவ்வை 1960ஐ ஒட்டி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜன். மற்றவர் சிட்னி லோப். நம்மவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் தேடினாலும் கிடைக்காதது எனக்கு எப்போதும் வருத்தம்.

மின்சாரக் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. ஆயிரம் லிட்டர் நல்ல நீரை எடுக்க, உராய்வே இல்லாத இயந்திரம் ஒன்றை நீங்கள் கட்டினாலும், உள்ளே வரும் கடல்நீரில் பாதியை நல்ல நீராக்குவதென்றால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் வேண்டும். இது இயற்கை விதித்த கீழ்வரம்பு. எந்தப் பொறியாளராலும் இதற்குக் கீழே போக முடியாது. இன்று நன்றாக நடக்கும் நிலையங்களில் சவ்வுப் பகுதி மட்டும் 2 முதல் 2.5 யூனிட் எடுக்கிறது. கடலிலிருந்து இறைப்பது, வடிகட்டுவது, நகருக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்தால் 3 முதல் 4 யூனிட். இந்த அளவுக்கு இறங்கியதற்கே முக்கியக் காரணம், வெளியேறும் உப்புக்கழிவில் மிஞ்சியிருக்கும் அழுத்தத்தைப் பிடித்து உள்ளே வரும் நீருக்கு மாற்றிக் கொடுக்கும் கருவிதான். அந்த அழுத்தத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. ஆகவே, கிராபீன் சவ்வு வந்துவிட்டது, கடல்நீர் இனி இலவசம் என்று அவ்வப்போது பரவும் செய்திகளை நம்பாதீர்கள். சவ்வில் நீர் எவ்வளவு எளிதாகப் புகுந்தாலும் அந்த 27 மடங்கு அழுத்தம் அங்கேயே இருக்கும். புதிய சவ்வு நிலையத்தின் பரப்பைக் குறைக்கலாம், பராமரிப்பை எளிதாக்கலாம். மின்செலவில் இனி கிடைக்கக்கூடியது சிறிய ஆதாயம்தான்.

சரி, அவ்வளவு மின்சாரம் செலவழித்து என்ன கிடைக்கிறது? 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். தொலைக்காட்சிகள் அதையே காட்டின. அதே நேரத்தில் 2010இல் தொடங்கிய மீஞ்சூர் நிலையமும் 2013இல் தொடங்கிய நெம்மேலி நிலையமும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டது. இரண்டும் முழுத் திறனில் ஓடினால் தருவது 80 ரயில் தண்ணீருக்குச் சமம். சென்னைக்கு அப்போது குழாயிலும் லாரியிலுமாகக் கிடைத்த நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கடலிலிருந்து வந்தது. ஏரி வறண்டாலும், ஆந்திரம் மதகைத் திறக்காவிட்டாலும், வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினாலும் இந்த நீர் நிற்பதில்லை. நாம் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது அந்த உறுதியைத்தான். இதன் பிறகுதான் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாம் நிலையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 4,276 கோடி ரூபாய். ஆகவே அரசு மெத்தனமாக இருக்கிறது என்பதைச் சென்னையைப் பொறுத்தவரை நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் அளவைக் கவனியுங்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் என்பது காதுக்குப் பெரிதாக ஒலிக்கிறது. ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2,830 கோடி லிட்டர். மீஞ்சூர் அளவுள்ள ஒரு நிலையம் ஒரு நாள்கூட நிற்காமல் ஆண்டு முழுவதும் ஓடினால் சுமார் 1.3 டி.எம்.சி. தரும். நான் சொன்ன நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவே 11 டி.எம்.சி.யை ஒட்டியது, ஆகவே நகரத்துக்கு இது பெரிய துணை. காவிரியோடு ஒப்பிட்டால் நிலைமை வேறு. 2018இல் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் தர வேண்டும் என்று சொன்னது 177.25 டி.எம்.சி. அதை ஈடுகட்ட மீஞ்சூர் போல 140க்குச் சற்றுக் குறைவான நிலையங்கள் வேண்டும். ஆண்டுக்கு 1,700 கோடி யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அவ்வளவும் செய்தாலும் நீர் கடற்கரையில்தான் நிற்கும்; மேட்டூருக்கு யார் ஏற்றுவது?

வயலின் கணக்கையும் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி விவசாயிகளிடமிருந்து அடிக்கடி வருகிறது. ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்தில் 1,200 மில்லிமீட்டர் நீர் என்று வைத்தால் 48 லட்சம் லிட்டர் ஆகும். மீஞ்சூர் ஒப்பந்தம் போட்டபோது ஆயிரம் லிட்டருக்கு விலை 50 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்தது. அந்தப் பழைய விலையிலேயே ஏக்கருக்கு இரண்டே கால் லட்சம் ரூபாய்க்கு மேல் தண்ணீர்ச் செலவு வரும். அந்த ஏக்கரில் இரண்டரை டன் நெல் விளைந்து கிலோ 25 ரூபாய்க்கு விற்றால் கைக்கு வருவது 62,500 ரூபாய். நிலையத்தை அரசே இலவசமாகக் கட்டிக் கொடுத்து மின்கட்டணத்தை மட்டும் கேட்டாலும் விவசாயிக்குக் கட்டாது.

தூரமும் உயரமும் அடுத்த தடை. ஆயிரம் லிட்டர் நீரை நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, பம்பின் இழப்பையும் சேர்த்து மூன்றில் ஒரு யூனிட்டுக்கு மேல் ஆகிறது. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கொண்டுபோக, குழாய் உராய்வை விட்டுவிட்டாலும், ஒன்றரை யூனிட் கூடுதல். பெங்களூரு சுமார் 900 மீட்டர். அங்கே ஏற்றுவதற்கே நீரைத் தயாரிக்க ஆன அளவு மின்சாரம் மறுபடியும் ஆகும். சென்னைக்கு இது பொருந்துவதற்குக் காரணம் நகரம் கடலோடு ஒட்டி, கிட்டத்தட்ட கடல் மட்டத்திலேயே இருப்பதுதான். தூத்துக்குடிக்கும் ராமநாதபுரம் கடற்கரைக்கும் பொருந்தும். ராமநாதபுரம் மாவட்டத்து நரிப்பையூரில் மீஞ்சூருக்கு முன்பே ஒரு நிலையம் வைத்துப் பார்த்தார்கள்.

இனி நான் நேரடியாகக் கண்டதைச் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கடல்நீர் என்றால் எப்போதும் ஒரே நீர் என்று நினைக்கிறார்கள். உள்ளே வேலை செய்பவர்களுக்குக் கடல் நாளுக்கு ஒரு முகம் காட்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு சோதனை உண்டு. இரண்டு அங்குலத்துக்கும் குறைவான விட்டமுள்ள வெள்ளை வடிதாள். அதன் துளை 0.45 மைக்ரான். சவ்வுக்குள் போகவிருக்கும் நீரை இரண்டு பார் அழுத்தத்தில் அதன் வழியே விட்டு, அரை லிட்டர் வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்போம். பதினைந்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி அரை லிட்டருக்கு நேரம் பார்ப்போம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து ஓர் எண் வரும். 3க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 5ஐத் தாண்டினால் அந்த நீரைச் சவ்வுக்குள் விடக் கூடாது. எண்ணைக் கணக்கிடுவதற்கு முன்பே அந்தத் தாளின் நிறம் பாதி சேதியைச் சொல்லிவிடும். பிப்ரவரியில் கடல் அமைதியாக இருக்கும்போது தாள் லேசாகத்தான் மஞ்சள் பூக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஆறுகளும் முகத்துவாரங்களும் சேற்றைக் கொண்டுவந்து கொட்டும் நாட்களில் அது காப்பிப் பொடி நிறத்துக்கு மாறிவிடும். பாசி பெருகினால் பச்சை படியும்.

அப்படிப்பட்ட நாட்களில் வடிகட்டிகளை மணிக்கணக்கில் பின்னோக்கிக் கழுவ வேண்டும், உற்பத்தியைக் குறைக்க வேண்டும், சில சமயம் நிறுத்தவே வேண்டும். கவனிக்காமல் ஓட்டினால் சவ்வு அடைத்துக்கொள்ளும். சவ்வு என்பது எட்டு அங்குல விட்டம், நாற்பது அங்குல நீளம் கொண்ட உருளை. உள்ளே ஏறக்குறைய 40 சதுர மீட்டர் படலம் பாய்போலச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அடைத்துப்போன உருளையை அழுத்தக் குழாயிலிருந்து வெளியே இழுத்தால், புதிதாக இருந்தபோது ஒருவர் எளிதாகத் தூக்கியதை இருவர் பிடிக்க வேண்டியிருக்கும். முனையில் கையை வைத்தால் வழுவழுவென்று பழுப்புக் குழம்பு ஒட்டும். அழுகிய கடற்பாசி நாற்றம். பெரிய நிலையத்தில் இப்படி ஆயிரக்கணக்கான உருளைகள் உள்ளன. தென்சென்னையில் அவ்வப்போது ‘பராமரிப்புப் பணி காரணமாகக் குடிநீர் நிறுத்தம்’ என்று அறிவிப்பு வரும்போது எரிச்சல் வருவது இயல்பு. அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் அடுத்த கோடையில் நிலையமே நிற்கும். 2008-09இல் ஓமன் வளைகுடாப் பகுதியில் செம்பாசி பெருகியபோது கடல்நீர் நிலையங்கள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. மழைக்குப் பயப்பட வேண்டாம் என்று கட்டிய நிலையம் கடலுக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது. ஒரு நகரம் முழுக்க இதை மட்டுமே நம்பக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உப்புக்கழிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இதை விட்டுவிட்டு எழுதினால் பதில் நேர்மையாக இருக்காது. ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டேகால் முதல் இரண்டரை லிட்டர் வரை கடல்நீர் உள்ளே எடுக்கிறோம். மிச்சம் உள்ளது, லிட்டருக்கு 60 கிராமை ஒட்டிய உப்போடு, கடலுக்கே திரும்புகிறது. உலக அளவில் 2019இல் வெளிவந்த ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, நாளொன்றுக்கு 9.5 கோடி கன மீட்டர் நல்ல நீருக்கு 14.2 கோடி கன மீட்டர் கழிவு வெளியேறுவதாகக் கணக்கிட்டது. இதில் ஐயத்துக்கு இடமில்லாதவை சில: இந்தக் கழிவு சாதாரணக் கடல்நீரைவிட அடர்த்தி கூடியது, கரையோரத்தில் சும்மா திறந்துவிட்டால் அடியில் படிந்து தரையோடு நகரும், அங்கே வாழும் புழுவுக்கும் சிப்பிக்கும் நண்டுக்கும் கேடு செய்யும். கடலுக்குள் தள்ளிக் கொண்டுபோய்ப் பல துளைகள் வழியே வேகமாகப் பீய்ச்சினால் சில பத்து மீட்டர் தூரத்திலேயே பெருமளவு கலந்துவிடும் என்பதும் பல நாடுகளில் அளந்து பார்த்த உண்மை. கடல்நீரின் அழுக்கைத் திரட்டச் சேர்க்கும் பெரிக் குளோரைடு, வடிகட்டியைக் கழுவிய நீரில் சேறாக வரும்; அதையும் கடலில் விடாமல் தனியே பிரித்து அகற்றலாம். அதற்குச் செலவு செய்ய மனம் வேண்டும், அவ்வளவுதான்.

ஐயத்துக்கு இடமிருப்பது எங்கே என்றால், ஒரே கரையில் பல நிலையங்கள் அடுத்தடுத்து வரும்போதுதான். நெம்மேலியின் இரண்டும் பேரூரும் சேர்ந்து முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 65 கோடி லிட்டர் நல்ல நீர் வரும். கூடவே 85 கோடி லிட்டர் அளவில் உப்புக்கழிவும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் அந்தச் சிறு துண்டில் கடலில் கலக்கும். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியே செய்யும் சுற்றுச்சூழல் மதிப்பீடு இந்தக் கூட்டு விளைவைச் சரியாகப் பிடிக்குமா என்பது என் சந்தேகம். அங்கேயுள்ள சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள், நிலையம் வந்தபின் கடற்கரை அரிக்கப்படுகிறது, கரையோர மீன்பாடு குறைகிறது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அரிப்பில் எவ்வளவு பங்கு நிலையத்தின் கட்டுமானத்துக்கு, எவ்வளவு அந்தக் கரையெங்கும் போட்ட கல்தடுப்புகளுக்கு என்று பிரிப்பது எளிதன்று. ஆனால் தினமும் அந்த நீரில் வலை வீசுகிறவர்கள் சொல்வதை, கருவி அளந்து சொன்னால்தான் கேட்போம் என்று ஒதுக்குவது அநியாயம். கழிவு விழும் இடத்தில் உப்பளவையும் வெப்பத்தையும் தொடர்ந்து அளந்து, அந்த எண்களை அந்தக் குப்பத்து மக்களே பார்க்கும்படி நாள்தோறும் வெளியிடுவது செலவே இல்லாத காரியம். பேரூர் ஓடத் தொடங்குவதற்கு முன்பிருந்தே அதைச் செய்ய வேண்டும். முன்பு எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாமல் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

யாழ்ப்பாணத்திலும் இதே வாதம் நடந்தது. அங்கே சுண்ணாம்புப் பாறை நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறிக்கொண்டே போனது. இரணைமடுக் குளத்திலிருந்து நீர் கொண்டுவரத் திட்டமிட்டபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. கடைசியில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளொன்றுக்கு 2.4 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அதற்கும் மீனவர்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. விவசாயிக்கும் நகரவாசிக்கும் இடையிலிருந்த சண்டை, மீனவருக்கும் நகரவாசிக்கும் இடையே மாறியது. இதைச் சொல்வது அந்த நிலையம் கூடாது என்பதற்காக அன்று. கடல் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று எண்ணித் திட்டம் போடுகிறோம். அங்கே பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. ஆயிரம் லிட்டருக்கு 50, 60 ரூபாய் என்றால் லிட்டருக்கு ஐந்தாறு காசு. 20 லிட்டர் கேனை 35 ரூபாய்க்கு வாங்குகிறவர் லிட்டருக்கு 175 காசு கொடுக்கிறார். 2019 கோடையில் தனியார் லாரிக்குப் பல ஆயிரம் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அந்த வகையில் கடல்நீர் மலிவு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மீஞ்சூர் போன்ற நிலையங்களை ஒரு நிறுவனம் கட்டி, இருபத்தைந்து ஆண்டு நடத்தி, நீரை விற்கும் முறையில்தான் ஒப்பந்தம் போடுகிறார்கள். இத்தகைய ஒப்பந்தங்களில் பொதுவாக நீர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒரு நிலையான தொகை போய்க்கொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம் கடும் வறட்சியில் பயந்து பெரிய நிலையம் ஒன்றைக் கட்டியது. 2012இல் அது தயாரானபோது மழை கொட்டி அணைகள் நிரம்பியிருந்தன. 2017 வரை நகருக்கு அதிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை; ஆண்டுதோறும் கட்டணம் மட்டும் போனது. அது வீண் செலவா, தேவையான காப்பீடா என்று அங்கே இன்னும் வாதம் உண்டு. சென்னைக்கு அது காப்பீடுதான் என்பது என் கருத்து. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் நிரம்பி வெள்ளம், 2019இல் அதே ஏரியில் வெடித்த மண் என்று பார்த்த ஊருக்குக் காப்பீடு வேண்டும். எவ்வளவு பெரிய காப்பீடு என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஏனென்றால் கடலைவிட மலிவான ஊற்று ஒன்று நம் காலடியிலேயே ஓடுகிறது. நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்த பின் அதில் லிட்டருக்கு ஒன்று, ஒன்றரை கிராம் உப்புதான் இருக்கும். அதைச் சவ்வில் செலுத்தி நல்ல நீராக்க ஆயிரம் லிட்டருக்கு ஒரு யூனிட்டை ஒட்டி மின்சாரம் போதும்; கடல்நீருக்கு ஆவதில் மூன்றில் ஒரு பங்கு. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள இத்தகைய நிலையங்கள் 2019 முதல் தொழிற்சாலைகளுக்கு நீர் தருகின்றன. தொழிற்சாலைக்கு அது போனால் அவ்வளவு குடிநீர் வீடுகளுக்கு மிஞ்சும். கடல்நீருக்குப் பேர்போன இஸ்ரேலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 2005இல் அஷ்கெலான் தொடங்கி ஐந்து பெரிய நிலையங்களைப் பத்தாண்டுக்குள் கட்டினார்கள் என்பது உண்மை. அவர்கள் தம் கழிவுநீரில் ஏறக்குறைய 90 விழுக்காட்டைச் சுத்திகரித்து வயலுக்கு அனுப்புகிறார்கள் என்பதை விட்டுவிடுகிறோம். கடலிலிருந்து எடுத்த அதே நீர் முதலில் வீட்டுக்கு, பிறகு தோட்டத்துக்கு. கடல்நீர் வயலுக்குக் கட்டாது என்று மேலே சொன்னேன். இந்தச் சுற்றுவழியில் மட்டும் கட்டும். புதிய கடல்நீர் நிலையம் ஒன்றுக்கு ஒப்புதல் தரும்போதே, அந்த நீர் வீடுகளில் பயன்பட்டுக் கழிவாகி வரும் இடத்தில் மறுசுத்திகரிப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். கசியும் குழாய்களை அடைக்கவும் அப்படியே. ஆயிரம் லிட்டருக்கு மூன்றரை யூனிட் செலவழித்து எடுத்த நீர் தெருவுக்கு அடியில் மண்ணுக்குள் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சூரிய ஒளியில் ஆவியாக்கிக் குளிரவைத்தால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் கிடைக்கும். ஒரு சிறு குடியிருப்புக்குச் சரி. மீஞ்சூர் அளவுக்கு இருபது, இருபத்தைந்து சதுர கிலோமீட்டர் கண்ணாடிக் கூரை வேண்டும். சூரிய மின்சாரத்தில் சவ்வு நிலையத்தை ஓட்டுவதே மேல். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் லட்சத்தீவின் கவரத்தியில் 2005இல் அமைத்த நிலையம் வேறு வகை. ஆழ்கடலின் குளிர்ந்த நீரைக் கொண்டு, வெற்றிடத்தில் ஆவியாகும் மேல்கடல் நீரைக் குளிரவைத்து நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் எடுக்கிறார்கள். அழகான பொறியியல். தீவைச் சுற்றிக் கடல் சட்டென்று ஆழமாவதால் அங்கே குளிர்நீர் கரைக்கு அருகிலேயே கிடைக்கிறது. சென்னைக் கரையில் அவ்வளவு ஆழத்துக்கு வெகுதூரம் போக வேண்டும். அதனால் இங்கே பெரிய அளவில் பொருந்தாது.

கடைசியாக உடம்புக்கு ஆகுமா என்ற கேள்வி. சவ்விலிருந்து வரும் நீர் அப்படியே குழாய்க்கு வருவதில்லை. அதில் தாது மிகக் குறைவு, லேசான அமிலத்தன்மையோடு இருக்கும், குழாயையே அரிக்கும். ஆகவே சுண்ணாம்பும் கரியமில வாயுவும் சேர்த்துச் சரிசெய்து, குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள். கிருமி, கன உலோகம், நைட்ரேட் இவற்றைப் பொறுத்தவரை பல ஆழ்துளைக் கிணறுகளின் நீரைவிட இது பாதுகாப்பானது. இதில் எனக்கு ஐயமில்லை. போரான் ஒன்றுதான் சவ்வுக்குச் சற்றே தண்ணி காட்டும். கடலில் லிட்டருக்கு நாலரை மில்லிகிராம் அளவில் இருப்பது ஓரளவு நழுவி வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொன்ன அளவு 2.4 மில்லிகிராம், நன்றாக நடக்கும் நிலையம் அதற்கு வெகு கீழேயே நிற்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற மரங்களுக்குத்தான் போரான் ஆகாது. அதனால்தான் தோட்டத்துக்கும் இந்த நீர் போகும் இஸ்ரேலில் இன்னும் கடுமையான வரம்பு வைத்தார்கள். மக்னீசியம் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. கடல்நீரிலிருந்து எடுத்த குடிநீரில் அது மிகக் குறைவு என்பது உண்மை; இதய நோயோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று இஸ்ரேலில் சில ஆய்வாளர்கள் எழுதினார்கள்; அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. கீரை, பருப்பு, சிறுதானியம் சாப்பிடுகிற வீட்டில் மக்னீசியத்துக்குத் தண்ணீரை நம்பியிருக்க வேண்டிய அவசியம் குறைவு.

வீட்டு ஆர்.ஓ. விஷயத்தில் என் யோசனை இது. நீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி, தொட்டியில் அளக்காமல், தெருக் குழாயிலிருந்து நேரே பிடித்த நீரில் அளந்து பாருங்கள். இந்திய தர நிர்ணயப்படி 500க்குள் இருந்தால் உப்புக்காக ஆர்.ஓ. தேவையில்லை. கடலோரத்தில் பெரும் செலவில் ஒருமுறை சவ்வில் பிழிந்து, தாது சேர்த்து அனுப்பிய நீரை மறுபடி வீட்டுச் சவ்வில் பிழிந்து, சேர்த்த தாதுவை நீக்கி, பாதிக்கு மேல் சாக்கடையில் விடுவது வீண். தெருக் குழாயில் குறைவாகவும் சமையலறைக் குழாயில் அதிகமாகவும் காட்டினால் உங்கள் அடுக்ககத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஒரே தொட்டியில் கலக்கிறார்கள் என்று பொருள். சங்கத்தில் பேசிக் குடிநீருக்குத் தனித் தொட்டி வைக்கச் சொல்லுங்கள். கிருமிதான் கவலை என்றால் கீழ்த்தொட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவி, குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்து ஆறவையுங்கள். மீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுதினால், உங்கள் பகுதிக்கு எந்த நீர் வருகிறது என்பதை ஓரளவு ஊகித்துச் சொல்கிறேன்.